புது கம்ப்யூட்டரில் தராசு ஒயரைச் செருக இடமில்லையா?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் நண்டு, கணவாய் வாங்கி கம்பெனிகளுக்கு அனுப்பும் தொழில் செய்கிறேன். எலக்ட்ரானிக் தராசில் விழும் எடை நேராக கம்ப்யூட்டருக்குப் போய், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் கார்பன் நகலோடு சீட்டு வரும். பழைய கம்ப்யூட்டர் உப்புக்காற்றில் வீணாகிவிட்டது. புது டெஸ்க்டாப்பில் இந்த இரண்டு ஒயருக்கும் இடமே இல்லை. தராசையும் பிரிண்டரையும் மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். ஜூன் 14-ல் மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் என்ன செய்யலாம்?

பதில்: இரண்டையும் மாற்ற வேண்டாம். நன்றாக ஓடுகிற, முத்திரை போட்ட தராசை ஒரு ஒயருக்காக ஒதுக்குவது வீண் செலவு. புதுத் தராசு வாங்கினால் அதற்கும் முத்திரை பார்க்க வேண்டும்.

தராசு ஒயரின் முனையில் மேலே ஐந்து, கீழே நான்கு என ஒன்பது துளைகள் இருக்கும். அது சீரியல் போர்ட்டுக்கானது, ஆர்.எஸ்.232 என்ற அதன் தரம் 1960-ல் வந்தது. 1996-ல் யுஎஸ்பி வந்தபின் மவுஸ், கீபோர்டு, பிரிண்டர் எல்லாம் அதற்கு மாற, பழைய போர்ட்டுகளைத் தயாரிப்பாளர்கள் ஒவ்வொன்றாக விட்டுவிட்டார்கள்.

ஆனால் வெளியே இல்லாதது உள்ளே இருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு கேபினெட்டின் பக்கமூடியைத் திறந்து, மதர்போர்டின் ஓரங்களில் 'காம்' (COM) என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட இடத்தைத் தேடுங்கள். இரண்டு வரிசையாகப் பத்து ஊசிகளுக்கு இடம் இருக்கும், அதில் ஒன்று மட்டும் காலியாக இருக்கும். அதில் செருகிப் பின்பக்கம் போர்ட்டைக் கொண்டுவரும் பட்டை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஊசி வரிசை இரண்டு விதமாக வரும். உங்கள் போர்டின் கையேட்டைப் பார்த்து வாங்குங்கள்.

இல்லையென்றால், தராசுக்கான சீரியல் போர்ட்டும் பழைய பிரிண்டர் ஒயருக்கான பேரலல் போர்ட்டும் சேர்ந்த, மதர்போர்டில் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு போடுங்கள். என் முதல் சிபாரிசு இதுதான், இரண்டு ஒயருக்கும் ஒரே தீர்வு. ஒல்லிக் கேபினெட் என்றால் குட்டைத் தகடு உள்ள கார்டாகக் கேளுங்கள்.

கார்டு போட வழியில்லாத குட்டி கம்ப்யூட்டருக்குத்தான், சீரியல் ஒயரை யுஎஸ்பியில் இணைக்கும் கன்வெர்ட்டர். மலிவானவற்றில் புரோலிஃபிக் என்ற கம்பெனியின் சிப்பைப் போல் செய்த போலிகள் நிறைய; புதிய விண்டோஸ் டிரைவர் அவற்றை ஏற்காது. எஃப்டிடிஐ கம்பெனியின் சிப் உள்ளதாக, நம்பகமான கடையில் வாங்குங்கள். சீரியல் போர்ட்டுகளுக்கு விண்டோஸ் காம்1, காம்2 என்று எண் கொடுக்கும்; பழைய மென்பொருள் பல காம்1 முதல் காம்4 வரைதான் பார்க்கும். விண்டோஸ் அதற்கு மேல் எண் கொடுத்திருந்தால் டிவைஸ் மேனேஜரில் மாற்றிக்கொள்ளலாம். கன்வெர்ட்டர் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே இருக்கட்டும். சீரியல் ஒயர் 15 மீட்டர் வரை தாங்கும், யுஎஸ்பி ஒயர் 5 மீட்டர்தான். ஐஸ் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் கன்வெர்ட்டர் தொங்கினால் அதன் முனைகள் பச்சை பூத்துவிடும்.

பிரிண்டரின் பின்பக்கத்தை முதலில் பாருங்கள். எப்சன் எல்எக்ஸ்-310 போன்றவற்றில் யுஎஸ்பியும் உண்டு. யுஎஸ்பி-பேரலல் ஒயரும் போடலாம், ஆனால் அது, பேரலல் போர்ட்டுக்கு விண்டோஸ் வைக்கும் பெயரான எல்பிடி1 போர்ட்டை உருவாக்காது. மென்பொருள் நேராக எல்பிடி1-க்கு அனுப்பும் ரகம் என்றால் சீட்டு வராது. அப்போது பிரிண்டரை ஷேர் செய்து, 'நெட் யூஸ்' கட்டளையால் எல்பிடி1-ஐ அதற்குத் திருப்பிவிட வேண்டும். கடைக்காரர் லேசர் பிரிண்டர் வாங்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஊசி அடித்தால்தான் கார்பன் நகல் விழும்.

சரி, உங்கள் மென்பொருள் கறுப்புத் திரையில் ஓடும் டாஸ் காலத்து ரகமா? அப்படியென்றால் போர்ட் கிடைத்தாலும் விண்டோஸ் 11-ல் அது நேராக ஓடாது. பழைய டாஸ் மென்பொருளை ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் வழியாக ஓட்டிப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் எழுதிக் கொடுத்தவரிடமே புது வடிவம் கேட்க வேண்டும். காசு செலவழிக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாம் மாட்டியபின் திரையில் எடைக்குப் பதில் கன்னாபின்னாவென்று எழுத்துகள் வந்தால் தகவல் அனுப்பும் வேகம் பொருந்தவில்லை என்று பொருள்: தராசில் 2400 என்றால் கம்ப்யூட்டரிலும் 2400 இருக்க வேண்டும். அந்த எண் பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில், மென்பொருளின் செட்டிங்கில் இருக்கும். காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.