டான் என்பது திரிபல்ல

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில் நடக்கும் ஒரு சிறுகதையை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். அதில் டான் என்று ஒருவர், ஹாங்காங்கிலிருந்து வந்த சான் என்று ஒருவர், திரான் என்று ஒரு வியத்நாமியப் பெண். மூவருக்கும் குடும்பப்பெயர் ஒன்றுதான் என்பது கடைசியில் தெரியவருகிறது. இணையத்தில் தேடினேன். சரியான உச்சரிப்பு சென் என்றும், மற்றவை வட்டார வழக்கிலும் வெள்ளைக்கார குமாஸ்தாக்களின் கையிலும் திரிந்துபோனவை என்றும் போட்டிருந்தது. வாசகருக்குக் குழப்பம் வராமல் எல்லாவற்றையும் சென் என்றே எழுதிவிடலாமா? பெயருக்கு அர்த்தம் என்ன? ஒரே குடும்பப்பெயர்க்காரர்கள் மணந்துகொள்ள மாட்டார்களாமே, நம் கோத்திரம் மாதிரியா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதம் வந்ததற்கு இரண்டு நாள் முன்புதான் செங் பெங்குக்காக ஓர் அஸ்தி மாடத்துக்குப் போய்வந்தேன். சீனர்கள் மூதாதையரைக் கும்பிடும் நாள் அது. சிறுவயதில் எங்கள் சிங்கப்பூர் அடுக்குமாடிக்குக் கீழே கோப்பிக் கடை வைத்திருந்த பெரியவரின் அஸ்தி அங்கே இருக்கிறது. அவருடைய பேத்தி எனக்குப் பள்ளித் தோழி. ஆ கோங் என்று அவள் கூப்பிடுவாள், தாத்தா என்று பொருள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் ஒரு டான். அவருடைய நினைப்பிலேயே இருந்த என்னிடம் வந்து டான் என்பது திரிபு என்கிறீர்கள்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். கோத்திரத்தை இங்கே இழுக்காதீர்கள். ஒரே குடும்பப்பெயருக்குள் மணம் கூடாது என்ற பழைய விலக்கு உண்டு, அதற்கு மேல் ஒப்பிட்டால் இரண்டுமே புரியாமல் போகும். அர்த்தம்? அது ஒரு நாட்டின் பெயர். இன்றைய ஹெனான் மாநிலத்து ஹுவாய்யாங் பக்கம் இருந்த சிறிய நாடு. ஷாங் அரசை வீழ்த்திய சௌ மன்னர், ஷுன் என்ற பழம்பேரரசரின் வழிவந்தவருக்கு அதைக் கொடுத்ததாக வரலாறு சொல்கிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் தெற்கே இருந்த சூ நாடு அதை விழுங்கியது. நாடு போனது, பெயர் மனிதர்களோடு நடந்தது. குமாஸ்தா? அவர் தன் காதில் விழுந்ததை எழுதினார், அவ்வளவே. காதில் விழுந்தது டான்.

இனி 'சரியான' என்ற சொல்லுக்கு வருகிறேன். தொலைக்காட்சியில் வாசிப்பதுதான் தமிழ், நாகர்கோவிலிலும் மட்டக்களப்பிலும் பேசுவது அதன் திரிபு என்று ஒருவர் சொன்னால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? மாட்டீர்கள். பிறகு ஏன் சீனருக்கு மட்டும் மாண்டரின் என்ற ஒரு தலைநகர் உச்சரிப்பைத் தராசாகத் தூக்குகிறீர்கள்? மொழிபெயர்க்கிறவருக்கு இந்தச் சோம்பல் ஆகாது.

உண்மையில் நடந்தது நேர்மாறானது. கி.மு. 672இல் அந்தச் சென் நாட்டு இளவரசர் ஒருவர் உயிருக்குப் பயந்து கிழக்கே சி என்ற நாட்டுக்கு ஓடினார். அங்கே அவர் வம்சத்துக்குத் தியென் என்ற பெயர் விழுந்தது. அந்தத் தியென் குடும்பமே பின்னால் சி நாட்டின் ஆட்சியைப் பிடித்தது, கி.மு. 386இல் சௌ மன்னரும் அதை ஏற்றுக்கொண்டார். சென் எப்படித் தியென் ஆனது? இன்றைய மாண்டரினில் இரண்டுக்கும் ஒட்டே இல்லை. 18ஆம் நூற்றாண்டில் சியென் தாசின் என்ற அறிஞர் பழைய நூல்களில் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக எழுதப்பட்ட எழுத்துகளை வரிவரியாக ஒப்பிட்டு முடிச்சை அவிழ்த்தார். பிற்காலத்தில் ச ஒலி பெற்ற இப்படிப்பட்ட சொற்கள் ஆதியில் தகரத்தில் தொடங்கியவை. சென்னும் அப்போது தகரம், தியென்னும் தகரம். காதுக்கு அவை பக்கத்துப் பக்கத்துச் சொற்கள்.

தகரம் சகரமாகக் கரைந்தது பல நூற்றாண்டுகளில். அது கரைவதற்கு முன்பே பிரிந்து மலைகளுக்கு அப்பால் ஃபூஜியன் கடற்கரையில் வேர்விட்டுவிட்டது அங்குள்ளவர்களின் மொழி. அதனால் அந்த ஃபூஜியன் மொழிகளில் ஒன்றான ஹொக்கியன் பேசுபவர் வாயில் இன்றைக்கும் டான். அதன் உறவுமொழியான தியோசூ பேசுபவரிடமும் தகரம் உண்டு. தாய்லாந்துக்குப் போனவர்கள் தாங் ஆனார்கள். ஃபூஜியனின் ஃபூசோ நகரிலிருந்து மலேசியாவில் சரவாக்கின் சிபு நகருக்குப் போனவர்கள் டிங். கன்டனில் சான், ஹக்கா மொழியில் சின், கொரியாவில் ஜின். இவற்றில் டானும் தாங்கும் டிங்கும்தான் பழைய தகரத்தைப் பத்திரமாக வைத்திருக்கின்றன. சென்தான் மாறியது, எஸ்! திரிபு என்று ஒன்றைச் சொல்லியே தீரவேண்டுமென்றால் விரலை அந்தப் பக்கம் நீட்டுங்கள்.

நம்பிக்கை வரவில்லையென்றால் உங்கள் கையிலிருக்கும் டம்ளரைப் பாருங்கள். அந்த இலைக்கு ஃபூஜியனில் தே என்று பெயர், மற்ற சீன மொழிகள் பலவற்றில் சா. அதே தகரம், அதே சகரம், அதே கதை. ஃபூஜியன் பக்கத்து வணிகர்களிடம் வாங்கிய டச்சுக்காரர் தே என்று கொண்டுபோனார்கள், மக்காவில் வாங்கிய போர்த்துகீசியர் சா என்று கொண்டுபோனார்கள். தேயிலை, தேநீர், இலங்கையின் தேத்தண்ணி, டீ எல்லாம் முதல் வழி. கேரளத்துச் சாயா சகர வழியில் வந்தது. (தேன்போல் இனிப்பதால் தேநீர் என்று விளக்கம் சொல்பவர்களை விட்டுவிடுங்கள்.) தேநீர் என்பது சாயாவின் திரிபு என்று எழுதுவீர்களா? அப்படியானால் டானும் சென்னின் திரிபு அல்ல.

உங்கள் கதையின் திரான் பெண்ணுக்கு வாருங்கள். வியத்நாமில் அது 1225 முதல் 1400 வரை ஆண்ட அரசகுலத்தின் பெயர். ஃபூஜியன் பக்கமிருந்து வந்து மீன்பிடித்து வாழ்ந்த குடும்பம் என்று அவர்களுடைய மூலத்தைச் சொல்வார்கள். 1258, 1285, 1288 என்று மூன்று முறை மங்கோலியப் படையைத் திருப்பி அனுப்பியவர்கள். அந்தப் பெயரைத் தாங்கிய பெண்ணைச் சென் என்று எழுதினால் அவளுடைய நாட்டையே நீங்கள் அழிக்கிறீர்கள்.

பெயரை அழிக்கச் சொன்னவர்களும் இருந்தார்கள். 1966 டிசம்பரில் இந்தோனேசிய அரசு சீனப் பெயர்களை இந்தோனேசியப் பெயர்களாக மாற்றிக்கொள்ள வழிசெய்து ஓர் ஆணை போட்டது. சீனர் பயந்து கிடந்த காலம், மறுப்பது எளிதாக இல்லை. அங்கிருந்த டான்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தனோத்தோ என்று வைத்துக்கொண்டார்கள். தனுஜெயா என்று வைத்துக்கொண்டார்கள். அந்த ஜெயா நம் ஜெயம்தான். சுதந்தோ என்று வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப்பாருங்கள். முந்தானையில் காசை முடிந்துவைப்பதுபோல அந்த ஓரசையை உள்ளே முடிந்துவைத்திருக்கிறார்கள். இதை முதன்முதலில் கவனித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

எங்கள் ஊரில் யாரும் மிரட்டவில்லை. 1980களில் பள்ளிகளில் சீனப் பிள்ளைகளின் பெயரை மாண்டரின் உச்சரிப்பில் எழுதும் வழக்கம் வந்தது. என் தோழி ஒருநாள் மதிப்பெண் புத்தகத்தில் ஆ கோங்கிடம் கையெழுத்து வாங்க வந்தாள். நான் முக்காலியில் உட்கார்ந்து அப்பாவுக்கு வாங்கிய தே ஓவை, அதாவது பால் சேர்க்காத தேநீரை, ஆறவைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, மாண்டரினும் வராது. புத்தகத்தில் இருந்த பெயரை அவள் படித்தாள். மூன்று அசையும் மாறியிருந்தன, முதல் அசை சென். அவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "இது யார் வீட்டுப் பிள்ளையின் புத்தகம்?"

அவள் அழுதுவிட்டாள். நான் விவரம் புரியாமல், "ஆ கோங், உங்கள் பெயர்தான் என்ன?" என்றேன். எனக்கும் அவருக்கும் இடையில் பாசார் மலாய் என்ற சந்தை மலாய்தான் மொழி. அவர் மேசையில் சிந்தியிருந்த தேயில் விரலைத் தொட்டு என் உள்ளங்கையில் எழுதினார். இடப்பக்கம் ஒரு வளைவு, "தெலிங்கா" என்றார், காது. வலப்பக்கம் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், "திமோர்", கிழக்கு. காதும் கிழக்கும் சேர்ந்தால் டான். (அந்த வளைவு உண்மையில் மேட்டைக் குறிப்பது என்பதைப் பல வருடம் கழித்துப் படித்தேன். சீனர்கள் இன்றைக்கும் காது-கிழக்கு என்று சொல்லித்தான் இந்த எழுத்தை அடையாளம் காட்டுகிறார்கள்.)

ஆகவே டான், சான், திரான் என்று மூன்று விதமாகவே எழுதுங்கள். ஹொக்கியன்காரர் வாயில் டானின் முதல் ஒலி நம் தகரத்துக்கே நெருக்கம், டகரம் ஆங்கில எழுத்து வழியாக வந்தது. ஆனாலும் டான் எங்கள் நாளிதழ்களில் நிலைத்துவிட்டது, தான் என்று எழுதினால் வாக்கியத்தில் முட்டும். மூவரும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் இடத்தை மூல ஆசிரியர் எப்படி எழுதியிருக்கிறார் என்று நீங்கள் சொல்லவில்லை. அங்கே யாராவது உள்ளங்கையை நீட்டுகிறார்களா என்று பாருங்கள்.

ஆ கோங் என் கையை விட்டுவிட்டு அவள் கையை இழுத்தார். அவள் விசும்பிக்கொண்டே விரித்துக் காட்டினாள். மறுபடி விரலைத் தேயில் தொட்டு, அதே காது, அதே கிழக்கு. பிறகு பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

அன்புடன்