குழந்தையின் பென்சில் முனை அடிக்கடி உடைகிறது. நல்ல பென்சிலை எப்படிப் பார்த்து வாங்குவது?

இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் இரண்டு மூன்று தடவை பென்சில் சீவுகிறாள், அழுத்தாதே என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, எந்த மாதிரி பென்சில் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் அழுத்தி எழுதுகிறவளாகவே இருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன்னால் பென்சிலையும் ஷார்ப்னரையும் ஒரு தடவை பாருங்கள். என் பிள்ளைகளோடு நான் பார்த்தவரை, முனை உடைவதற்குக் கை காரணமாக இருந்தது குறைவு. திட்டு மட்டும் எப்போதும் கைக்குத்தான் விழும். அது எனக்கு மனசுக்கு ஒப்பாத விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பென்சிலுக்குள் இருக்கும் கரி, கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது. இரண்டையும் அரைத்துக் குழைத்து, மெல்லிய குச்சியாகப் பிழிந்து, சூளையில் சுட்டு எடுக்கிறார்கள். 1795-இல் பிரான்சில் கான்டே என்பவர் காப்புரிமை வாங்கிய முறை. அடிப்படை இன்றைக்கும் அதுதான். நீளமாகப் பள்ளம் கீறிய ஒரு மரப்பலகையில் அந்தக் குச்சிகளை வரிசையாகப் படுக்க வைத்து, மேலே அதே மாதிரி இன்னொரு பலகையை வைத்து ஒட்டி, அப்புறம் தனித்தனிப் பென்சிலாக அறுப்பார்கள். பள்ளம் சரியாக விழவில்லை என்றால் கரி நடுவில் உட்காராது. பசை சரியாகப் பிடிக்கவில்லை என்றால் கரிக்கும் மரத்துக்கும் நடுவே பிடிப்பு இருக்காது. உங்கள் மகள் படும் பாடு பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

அதனால் வாங்கும்போது முதல் வேலை, சீவாத பென்சிலின் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பது. கரும்புள்ளி நட்டநடுவில் இருக்க வேண்டும். பின்பக்கம் பெயின்டோ ரப்பரோ மூடாமல் இருந்தால் அதையும் திருப்பிப் பாருங்கள். ஒரு முனையில் நடுவிலும் மறுமுனையில் ஓரத்திலும் இருந்தால், கரி உள்ளே சாய்வாகப் போகிறது என்று அர்த்தம். அப்படி ஓரம் தள்ளிய பென்சிலைச் சீவினால் ஒரு பக்கம் மரம் நுனிவரைக்கும் இறங்கி வரும், மறுபக்கம் கரி பிடிமானம் இல்லாமல் வெறுமனே நிற்கும். வெறும் பக்கத்தை வைத்து எழுதினால் பட்டென்று உடையும். மரம் இறங்கிய பக்கத்தை வைத்து எழுதினால் மரம்தான் தாளில் உரசும், எழுத்து விழாது. குழந்தை பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பிடிப்பது இதற்காகத்தான். பார்க்கிறவர்களுக்கு அதற்குப் பென்சில் பிடிக்கவே தெரியாத மாதிரி இருக்கும்.

நேராக இருக்கிறதா என்பதையும், ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தால் சொல்லிவிடலாம். முழுப் பெட்டியாக வாங்குவதற்கு முன் ஒன்றே ஒன்று வாங்கிச் சீவிப் பார்ப்பது இன்னும் நல்லது. மரத்தூள் பொடிப்பொடியாகக் கொட்டாமல், ஓரத்தில் பெயின்ட் கோடு போட்ட சுருளாக வர வேண்டும். சீடார் மரம் இதற்குப் பேர் போனது, மென்மையாக ஒரே சீராக வெட்டுப்படும். வேறு மென்மரங்களிலும் நல்ல பென்சில் வருகிறது. சிராய் சிராயாகப் பிய்ந்து வருகிற மரம் மட்டும் வேண்டாம். சீவி முடித்ததும் நாலு வரி எழுதுங்கள். நடுவில் எங்காவது மணல் பட்ட மாதிரி கீச்சென்று இழுத்தால், அந்தக் கரி சரியாக அரைபடவில்லை.

இன்னொரு வகை உடைசல் உண்டு. சீவி வெளியே எடுத்தால் முனை அப்படியே கழன்று ஷார்ப்னருக்குள் கிடக்கும். மறுபடி சீவினால் மறுபடி கழலும். அந்தப் பென்சிலைத் தூக்கிப் போடும் முன் நீங்களே ஒரு கத்தியால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே கரி துண்டு துண்டாகக் கிடக்கும். மேசையிலிருந்து விழுந்தபோதோ பைக்குள் அடிபட்டபோதோ உடைந்தது அது. வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. கரியை முழு நீளத்துக்கும் மரத்தோடு ஒட்டிச் செய்த பென்சில்கள் கிடைக்கின்றன, பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். விழுந்தாலும் அவை ஓரளவு தாங்கும். பென்சில்களைப் பையில் தனியாகப் போடாமல் டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். உருண்டைப் பென்சில் மேசையில் உருண்டு விழுந்துகொண்டே இருக்கும், அறுகோணமோ முக்கோணமோ அப்படி ஓடாது.

சரி, இப்போது அழுத்தத்துக்கு வருவோம். பென்சிலில் எச்பி, பி, 2பி, 2எச் என்று போட்டிருக்கும். களிமண் கூடக் கூடக் கரி கெட்டியாகும், எழுத்து வெளிறும்; அது எச் பக்கம். கிராஃபைட் கூடினால் மென்மையாகும், கறுக்கும். அது பி பக்கம். எச்பி நடுவில். ஒரு நிறுவனத்தின் எச்பியும் இன்னொன்றின் எச்பியும் ஒரே கறுப்பாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் மகள் எழுதிய பக்கத்தைத் திருப்பி, பின்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். எழுத்துகள் புடைத்துக்கொண்டு விரலில் தட்டுப்பட்டும், முன்பக்கத்தில் எழுத்து வெளிறித்தான் இருக்கிறது என்றால், பென்சில் எழுதாததால்தான் அவள் அழுத்துகிறாள். பி அல்லது 2பி வாங்கிக் கொடுங்கள், கை தானாகவே தளரும். பின்புறம் புடைத்து, முன்பக்கமும் கருகருவென்று இருந்தால் அது அழுத்துகிற கைதான். எச்பியிலேயே கரி தடிமனாக உள்ள முக்கோணப் பென்சில் பொருந்தும். ஜப்பானில் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் சின்ன வகுப்புகளுக்கு 2பி அல்லது பி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கை இன்னும் பலப்படாத வயதில் லேசாகத் தொட்டாலே எழுத்து விழ வேண்டும் என்பது எனக்கும் சரியாகவே படுகிறது. மென்மையான கரி சீக்கிரம் மழுங்கும், கையில் ஒட்டும், அது உண்மை. இடது கையால் எழுதும் பிள்ளை எழுதியதன் மேலேயே கையை இழுத்துக்கொண்டு போகும் என்பதால், அவர்களுக்கு மட்டும் எச்பியைத் தாண்ட மாட்டேன். எச், 2எச் எல்லாம் பின்னால் வடிவியல் படம் வரையும்போது வாங்கிக்கொள்ளலாம்.

கரியை மாற்றிப் போடும் பென்சில் இந்த வயதுக்கு அவசரமில்லை. கேட்டு அடம்பிடித்தால் கரியின் தடிமன் 0.5 உள்ளது வேண்டாம், 0.7 மில்லிமீட்டர் வாங்குங்கள்.

பென்சிலில் ஈயம் இருக்கிறது, கடித்தால் ஆபத்து என்று பலர் பயப்படுகிறார்கள். கிராஃபைட் வெறும் கரிமம், ஈயம் அதில் இல்லை. மேல் பெயின்ட்தான் கவனிக்க வேண்டியது, ஏனென்றால் பிள்ளைகள் கடிப்பது அதைத்தான். ஈஎன் 71 என்ற ஐரோப்பியப் பொம்மைப் பாதுகாப்புத் தரம் போட்டிருந்தால், பெயின்டிலிருந்து கசியும் ஈயம் போன்ற உலோகங்களுக்கு அதில் வரம்பு உண்டு. எந்த விவரமும் இல்லாமல் பளபளப்பும் வாசனையும் மட்டும் உள்ளதை, கடிக்கும் பழக்கமுள்ள பிள்ளைக்கு வாங்காதீர்கள்.

கடைசியாக ஷார்ப்னர். மழுங்கிய பிளேடு மரத்தை வெட்டாமல் முறுக்கும், அந்த முறுக்கிலேயே கரி உடையும். எவ்வளவு நல்ல பென்சிலும் இதற்குத் தப்பாது. பென்சில் பெட்டி வாங்கும்போதே புது ஷார்ப்னரும் வாங்கிவிடுங்கள். தடித்த முக்கோணப் பென்சில் சாதாரணத் துளைக்குள் போகாது, இரண்டு துளை உள்ளது வேண்டும். உள்ளே ஏதாவது கரித்துண்டு சிக்கியிருந்தால் முதலில் தட்டி எடுத்துவிட்டு, அப்புறம் சீவச் சொல்லுங்கள்.