பாஸ் கிட்டார்: பழைய வரிகளைப் படிக்கணுமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் மெல்லிசைக் குழுவில் பாஸ் வாசிக்கிறேன். திருவிழா மேடையில் தமிழ்ப் பாட்டு மட்டும்தான். புகழ்பெற்ற வெளிநாட்டு பாஸ் வரிகள் (பாட்டுக்கு அடியில் பாஸ் வாசிக்கும் ஸ்வர வரிசைகள்) எனக்கு எதற்கு?
– வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: கட்டாயமில்லை. ஐம்பதை அரைகுறையாகத் தெரிந்துகொள்வதைவிட ஐந்தாறை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பாருங்கள்.

மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' (1982) நல்ல தொடக்கம். சம அளவில் எட்டே ஸ்வரம்: டி கம்பி 4-வது ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டம்), ஏ 4, டி 2, டி 4, டி 2, ஏ 4, ஏ 2, ஏ 4. நம் கணக்கில் ச ப நி ச நி ப ம ப. 'ச' தவிர மற்றதெல்லாம் கீழ் ஸ்தாயி.

விரலுக்கு இதில் வேலையே இல்லை; கஷ்டம் காலப்பிரமாணத்தில். மெட்ரோனோமில் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் ஆரம்பியுங்கள், அசல் வேகம் 117-ஐ ஒட்டியது. ஏ கம்பிக்கு இறங்கும்போது டி கம்பி அடங்காவிட்டால் இரண்டும் கலந்துவிடும். இடக்கை விரலை முழுக்கத் தூக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்துங்கள். மேடை ஸ்பீக்கரில் 'கொழகொழ'வென்று கேட்பது பெரும்பாலும் இதுதான். திட்டு மட்டும் மிக்சர்காரருக்கு!

திறந்த கம்பி எதுவும் இதில் இல்லை. பாடகர் அரைச்சுருதி ஏற்றச் சொன்னால், கையை அப்படியே ஒரு ஃப்ரெட் மேலே நகர்த்தினால் போதும்.