தூண்டில் பெட்டி: வாசகர் கேள்வி – பதில்

ஓகஸ்ற் முதல் கிழமை குடும்பமாக பிஜன் ஏரிக்கரையில் கொட்டேஜ் எடுத்திருக்கிறோம். இவ்வளவு காலமும் பேர்ச்சும் பாஸும்தான் பிடித்தோம். இந்த முறை மஸ்கி என்ற அந்தப் பெரிய வேட்டை மீன் ஒன்று பிடித்தே தீருவது என்று தம்பியும் நானும் நிற்கிறோம். எந்த லூர் (செயற்கை இரை) வாங்கலாம், அண்ணை?
— ஏஜாக்ஸ் வாசகர்

லூரைப் பற்றி எல்லாரும் கேட்கிறீர்கள், வலையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. கையில் இருக்கும் காசில் முதலில் ரப்பர் பூசிய பெரிய வலை ஒன்று, நீண்ட மூக்குக் குறடு ஒன்று, கொழுக்கியையே வெட்டக்கூடிய பலமான கட்டர் ஒன்று, இந்த மூன்றையும் வாங்குங்கள். மிச்சம் இருந்தால் லூர். மஸ்கியைத் தவறவிடுவதும், பிடித்த மஸ்கியைத் தெரியாமல் கொன்றுவிடுவதும் பெரும்பாலும் வள்ளத்துக்குப் பக்கத்தில், கடைசி இரண்டு மீற்றரில்தான் நடக்கிறது.

லூர் என்றால், முதல் தடவை போகிறவருக்கு இரட்டைத் தகடு சுழலும் பக்ரெயில் (மயிர்க்குஞ்சம் கட்டிய லூர்) ஒன்றே போதும், கறுப்பு உடம்பும் செம்மஞ்சள் தகடுமாக. எறி, சுற்று, அவ்வளவுதான். மற்ற லூர்களை ஓட்டப் பழகவே அரைவாசி லீவு போய்விடும். நூல் 80 இறாத்தல் பின்னல் நூலாக இருக்கட்டும், நுனியில் எஃகுக் கம்பி லீடர் கட்டாயம். பாஸுக்குக் கட்டும் தங்கூசியோடு போனால் மஸ்கியின் பல் ஒரு உரசலில் அறுத்துவிடும், அப்புறம் அது வாய் நிறையக் கொழுக்கியோடு திரிய வேண்டியதுதான். தடி எட்டு அடிக்குக் குறையாமல் வேண்டும், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உங்கள் பிஜன் ஏரியும் சேர்ந்த கவார்த்தா ஏரிகள் நல்ல தெரிவு. ஜோர்ஜியன் பேயிலும் சென் லோறன்ஸ் ஆற்றிலும் வருவது போன்ற பூதங்கள் இங்கே அபூர்வம், ஆனால் எண்ணிக்கையில் மஸ்கி கூட, அதனால் முதல் மீனுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பிஜன் ஏரியில் ஆழம் குறைவு, பாசி அதிகம். பாசிப் பற்றைக்கு நடுவில் எறிந்து மெனக்கெடாமல், பற்றை முடிந்து தண்ணீர் ஆழமாகத் தொடங்கும் அந்த ஓரத்தை ஒட்டியே எறியுங்கள். பேர்ச் அங்கேதான் திரியும், மஸ்கியும் அதற்காகத்தான் அங்கே நிற்கும்.

மஸ்கி லூருக்குப் பின்னாலேயே வந்து, கடிக்காமல், வள்ளத்தடியில் வந்து நின்று பார்க்கும். அந்த நேரம் லூரைத் தூக்கினால் சரி, எல்லாம் முடிந்தது. லூர் கிட்ட வந்ததும் அரை மீற்றர் நூலை வெளியில் விட்டு, தடியின் நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி, பெரிய 8 ஒன்றை எழுதுங்கள். வளைவு அகலமாக இருக்க வேண்டும், நான்கடி நீள மீனால் சின்ன வட்டத்தில் திரும்ப முடியாது (நீளத் தடி கேட்டது இதற்குத்தான்). மீன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு எறிதலின் முடிவிலும் இதைச் செய்யுங்கள், ஏனென்றால் பின்னால் வந்த மீன் பல நேரம் கண்ணுக்குப் படாது. மூன்றாவது சுற்றில் வாயைத் திறந்துகொண்டு காலடியில் அது திரும்பும்போது தம்பி கத்துவார், நீங்கள் மட்டும் சுற்றுவதை நிறுத்தாதீர்கள்.

வலைக்குள் வந்த மீனை வள்ளத்துக்குள் தூக்கிப் போட வேண்டாம். வலையோடு தண்ணீரிலேயே நிற்கட்டும். ஒருவர் வலையைப் பிடிக்க மற்றவர் குறடால் கழற்றுங்கள், ஆழமாக ஏறிய கொழுக்கி என்றால் மல்லுக்கட்டாமல் கட்டரால் வெட்டி விடுங்கள். கொழுக்கி இரண்டு டொலர். கமராவைத் தயாராக வைத்துவிட்டுத்தான் மீனைத் தூக்க வேண்டும், ஒரு கை செவுள் மூடிக்குக் கீழே, மற்றக் கை வயிற்றுக்கு, படுக்கையாக. முகப்புத்தகத்தில் சிலர் தலையில் பிடித்துத் தொங்கவிட்டுப் படம் போடுகிறார்கள், அந்தப் பாரத்தில் உள்ளுறுப்புகள் என்ன ஆகும் என்று யோசிப்பதில்லை. சில விநாடியில் படம் எடுத்துத் திரும்பத் தண்ணீரில் வைத்து, வாலடியைப் பிடித்து நிமிர்த்தி வைத்திருங்கள். தெம்பு வந்ததும் அதுவே உதறிக்கொண்டு போகும்.

ஓகஸ்ற் என்பதால் இன்னொன்று. தண்ணீரின் வெப்பம் 27 பாகையைத் தொட்டால் மஸ்கியை விட்டுவிட்டு பாஸுக்குப் போங்கள். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, போராடிக் களைத்த பெரிய மீன் நீந்திப் போவது போலத் தெரிந்தாலும் பிறகு செத்துவிடும். சின்னத் தெர்மோமீற்றர் ஒன்று கொண்டு போங்கள், விடியற்காலையில் ஒருதரம் பாருங்கள்.

நாங்கள் பிடித்தது மஸ்கி என்று நான் சொல்கிறேன், சிநேகிதர் பைக் (pike) மீன் என்கிறார். இரண்டும் ஊர்ச் சீலா மாதிரித்தான் இருக்கின்றன. எப்படிக் கண்டுபிடிப்பது?
— மார்க்கம் வாசகர்

பந்தயம் கட்டியிருக்கிறீர்கள் போல. கடும் நிற உடம்பில் வெளிர் புள்ளி இருந்தால் பைக். வெளிர் உடம்பில் கடும் நிறக் கோடோ புள்ளியோ இருந்தால் மஸ்கி. வாலின் நுனி பைக்குக்கு உருண்டையாகவும் மஸ்கிக்குக் கூராகவும் இருக்கும். ஆனால் சில மஸ்கிக்கு உடம்பில் கோடே இராது, அப்போது மீனின் கீழ்த்தாடையைத் திருப்பிப் பாருங்கள். ஊசியால் குத்தியது போலச் சின்னத் துளைகள் வரிசையாக இருக்கும். ஒரு பக்கத்தில் ஐந்தோ அதற்குக் குறைவோ என்றால் பைக், ஆறோ அதற்கு மேலோ என்றால் மஸ்கி. சந்தேகம் தீரவில்லையா, விட்டுவிடுங்கள். பைக் என்று நினைத்து மஸ்கியைப் பெட்டியில் போட்டு அதிகாரியிடம் மாட்டினால் அபராதம் கட்ட வேண்டிவரும்.

அப்பாவுக்கு 68 வயது. அவருக்கும் லைசென்ஸ் எடுக்க வேண்டுமா? எனக்கு மலிவான கொன்சர்வேஷன் லைசென்ஸ் போதுமா?
— ஸ்காபரோ வாசகி

அப்பாவுக்குத் தேவையில்லை. 65 வயதோ அதற்கு மேலோ ஆன கனடாவாசிகளும் 18 வயதுக்குட்பட்டவர்களும், பெயரும் பிறந்த திகதியும் உள்ள அரச அடையாள அட்டையைக் கையில் வைத்திருந்தால் ஒன்ராறியோவில் மீன் பிடிக்கலாம். உங்களுக்கு லைசென்ஸ் வேண்டும். மலிவானது, பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விடுகிறவருக்குப் போதும், ஆனால் அதில் மஸ்கி ஒன்றுகூட வைத்துக்கொள்ள முடியாது. ஸ்போர்ட் லைசென்ஸில் ஒன்று வைத்திருக்கலாம், அதுவும் அந்த ஏரிக்குரிய குறைந்தபட்ச நீளத்தைத் தாண்டியிருந்தால். ஜோர்ஜியன் பேயில் அந்த அளவு 137 சென்றிமீற்றர். அவ்வளவு நீள மீன் கிடைத்தால் படம் எடுத்துவிட்டு விடுங்கள் தங்கச்சி, அது வளர எத்தனையோ வருடம் எடுத்திருக்கும்.

ஒன்ராறியோவில் பிடிபட்ட மிகப் பெரிய மஸ்கி எது?
— பிரம்டன் வாசகர்

1988 இல் ஜோர்ஜியன் பேயில் மூன் ரிவர் பக்கம் கென் ஓ'பிரையன் பிடித்த 65 இறாத்தல் மீன். அவர் மஸ்கிக்கே போகவில்லை, வோலாய் என்ற வேறு மீனுக்குப் போனவர், லூரும் சின்னது. மேலே நான் சொன்ன சாமானெல்லாம் வீண் என்று இதை வைத்து யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

பைக் சாப்பிடலாமா? முள்ளு அதிகம் என்று எல்லாரும் எறிகிறார்களே.
— ஓஷாவா வாசகி

எறிகிறவர்களிடம் வாங்கி வாருங்கள். வெள்ளைச் சதை, நல்ல ருசி. முதுகுச் சதைக்குள் Y வடிவ முள்ளு ஒரு வரிசை ஓடும், விரலால் தடவினால் தெரியும், அதன் இரு பக்கமும் கத்தியை விட்டு அந்தத் துண்டைத் தனியே எடுத்துவிட வேண்டும். எடுக்கத் தெரியாவிட்டால் ஒவ்வொரு கால் அங்குலத்துக்கும் குறுக்கே கீறி, மிளகாய்த்தூளும் மஞ்சளும் பூசி நன்றாகப் பொரியுங்கள், சின்ன முள்ளு மொறுமொறுப்பாகிவிடும். பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது மட்டும் பார்த்துக் கொடுங்கள்.

ஆனால் பெரிய பைக் வேண்டாம். மற்ற மீனைத் தின்று வளரும் மீனின் உடம்பில் பாதரசம் சேரும், வயதும் நீளமும் கூடக் கூட அதுவும் கூடும். எந்த ஏரியில் எந்த நீள மீனை மாதத்துக்கு எத்தனை தரம் சாப்பிடலாம் என்று மாகாண அரசு பட்டியல் போட்டிருக்கிறது, கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் அதில் தனி அளவு உண்டு. இணையத்தில் ஏரியின் பெயரைத் தட்டினால் வரும். பார்த்துவிட்டுச் சட்டியை அடுப்பில் வையுங்கள்.