பாதி சீசனில் குளிர்கால விடுமுறை வேண்டுமா? கேள்விகளும் பதில்களும்

வியாசர்பாடியில் பல வருடமாகப் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். டிசம்பர் வந்தால் கிரவுண்டில் எல்லோரும் என்னிடம் கேட்பது இந்த விடுமுறை விஷயத்தைத்தான். இந்த முறை வந்த கேள்விகளுக்கு மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

மாஸ்டர், ஜெர்மனியில் கிறிஸ்துமஸுக்கு லீக்கை நிறுத்திவிடுகிறார்கள். இங்கிலாந்தில் அப்போதுதான் அடுத்தடுத்து மேட்ச். எது சரி? (பெரம்பூர்)

என்னைக் கேட்டால் ஜெர்மனிதான். ஆனால் அவர்களுக்கு அதற்கு இடம் இருக்கிறது தம்பி. ஜெர்மனி லீக்கான பண்டஸ்லிகாவில் 18 அணிகள், ஆளுக்கு 34 ஆட்டம், உள்நாட்டுக் கோப்பை ஒன்றே ஒன்று. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 20 அணிகள், 38 ஆட்டம், அதற்கு மேல் இரண்டு கோப்பைகள். சுவீடன், நார்வேயில் பனிக்காலத்தில் லீக்கே கிடையாது. வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தோடு முடித்துவிடுவார்கள்.

விடுமுறை விட்டால் காயம் குறையும் என்பதற்கு ஆதாரம் உண்டா? பிசியோதெரபி படிக்கிறேன். (தண்டையார்பேட்டை)

உண்டு. சுவீடன் மருத்துவ ஆய்வாளர் யான் எக்ஸ்ட்ராண்ட் குழுவினர் 56 ஐரோப்பிய அணிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குளிர்கால விடுமுறை இல்லாத அணிகள் ஒரு சீசனுக்குச் சராசரியாக 303 நாட்கள் கூடுதலாகக் காயத்துக்குப் பறிகொடுத்திருந்தன. ஒரு ஆட்டக்காரர் பத்து நாள் வெளியே உட்கார்ந்தால் பத்து நாள், இப்படி அணியில் எல்லோருடைய நாட்களையும் கூட்டுவதுதான் கணக்கு. பெரிய காயங்கள் சீசனின் பிற்பாதியில் அந்த அணிகளுக்குத்தான் அதிகம். ஒன்று மட்டும் மனதில் வை: இது ஒப்பீடுதான். இங்கிலாந்தில் ஆட்டத்தின் வேகமும் வேறு, எண்ணிக்கையும் வேறு. எல்லாப் பழியையும் விடுமுறை மேல் போட முடியாது.

இங்கிலாந்தும் விடுமுறை விட்டுப் பார்த்ததே, அது என்ன ஆச்சு? (ராயபுரம்)

2020 பிப்ரவரியில் முதல்முறையாக விட்டார்கள். ஒரு வாரக் கடைசியில் சில அணிகளுக்கு, அடுத்த வாரம் மீதி அணிகளுக்கு. அந்த நேரம் பார்த்து லிவர்பூலுக்கும் ஷ்ரூஸ்பரிக்கும் இங்கிலாந்தின் உள்நாட்டுக் கோப்பையான எஃப்ஏ கோப்பையில் 2-2 என டிரா ஆகி, மறு ஆட்டம் சரியாக விடுமுறைக்குள் வந்து விழுந்தது. ‘ஓய்வு என்று சொன்னால் ஓய்வுதான்’ என்று அப்போதைய லிவர்பூல் பயிற்சியாளர் யூர்கன் கிளாப் பிடிவாதமாக நின்றார். முதல் அணியையும் அனுப்பவில்லை, தானும் போகவில்லை. சராசரி 19 வயதுப் பையன்கள் இறங்கி 1-0 என்று ஜெயித்துவிட்டு வந்தார்கள். அன்றைக்கு அவரைத் திட்டியவர்கள் நிறைய. நான் அவர் பக்கம்தான். ஒரு கையால் விடுமுறை கொடுத்து, மறுகையால் அதே வாரத்தில் மேட்ச் வைத்தால் அது விடுமுறையா?

2024-25 சீசனிலிருந்து அந்த விடுமுறையையே எடுத்துவிட்டார்கள். ஆகஸ்ட் நடுவில் தொடங்கிக் கோடை ஓய்வை நீட்டினோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். எஃப்ஏ கோப்பையில் மறு ஆட்டத்தை நீக்கியதும் அதே சீசனில்தான். அதைத்தான் நான் பெரிதாகப் பார்க்கிறேன், ஏனென்றால் அங்கே ஆட்டமே குறைகிறது. மொத்த ஆட்டத்தைக் குறைக்காமல் நடுவில் இரண்டு வாரம் நிறுத்தினால், அந்த இரண்டு வார மேட்ச் மார்ச்சிலும் ஏப்ரலிலும் வந்து காலில் ஏறும்.

லீவு விட்டால் டச் போய்விடாதா?

இரண்டு வாரத்தில் போகாது.

நம்ம சென்னைக்கு இதெல்லாம் எதற்கு அண்ணா? இங்கே ஏது குளிர்? (காசிமேடு)

குளிர் இல்லை, மழை இருக்கிறதே! 2015 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கும். சென்னையின் எஃப்சி அரையிறுதியில் தன் சொந்த ஊர் ஆட்டத்தை நேரு ஸ்டேடியத்தில் ஆட முடியாமல் புனேவில் ஆடியது. கொல்கத்தாவை 3-0 அடித்து, அந்த வருட இந்தியன் சூப்பர் லீக் கோப்பையையும் தூக்கியது.

பெரிய ஸ்டேடியத்துக்கே அந்த நிலை என்றால் நம் கிரவுண்டுகளை நினைத்துப் பார். மழை விட்ட மறுநாள் கோல் போஸ்ட் முன்னால் இருக்கும் குழியில் தண்ணீர் நிற்கும். பையன்கள் பெயின்ட் டப்பாவால் மொண்டு மொண்டு ஊற்றுவார்கள். மேலே காய்ந்த மாதிரி தெரியும். கால் வைத்தால் களிமண் பூட்ஸைக் கவ்விக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. முட்டி போவது அங்கேதான். அதனால் நவம்பரில் மேட்ச் வேண்டாம் என்பேன். அப்புறம் மே மாதக் கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு டோர்னமென்ட் வைப்பதையும் நிறுத்த வேண்டும். நம் ஊருக்கு இடைவேளை இந்த இரண்டு இடத்தில்தான் வேண்டும்.

என் பையனுக்கு 13 வயசு சார். மூணு டீமுக்கு ஆடுறான். முட்டிக்குக் கீழே எலும்பு புடைச்சு வலிக்குதுங்கிறான். விடலாமா? (கொடுங்கையூர்)

இப்போதைக்கு ஆட விடாதீர்கள் அம்மா. வளர்கிற வயதில் தொடைத் தசை முட்டிக்குக் கீழே எலும்பைத் திரும்பத் திரும்ப இழுத்தால் அந்த இடம் இப்படிப் புடைக்கும். பெரும்பாலும் ஓய்விலேயே அடங்கிவிடும். ஆனால் எலும்பு டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இறங்க வேண்டாம். வலி போன பிறகும் ஒரே டீம்தான். வீட்டில் அடம்பிடித்தால் ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டுக்கு அனுப்புங்கள். பூட் வேண்டாம், செருப்போடு வரட்டும். என் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதட்டும்.