கணினி இருக்கும்போது பெர்டர்பேஷன் முறைகளை ஏன் படிக்க வேண்டும்?

“எம்.எஸ்சி. கணிதத்தில் பெர்டர்பேஷன் தாள் இருக்கிறது. எல்லாச் சமன்பாட்டையும் கணினியே தீர்த்துவிடுகிறது. பிறகு எதற்கு இந்தத் தோராயங்களைக் கையால் போட வேண்டும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். பெர்டர்பேஷன் என்றால், நேரடியாகத் தீர்க்க முடியாத சமன்பாட்டை, தீர்க்க முடிந்த ஒன்றோடு சின்னச் சின்னத் திருத்தங்களைச் சேர்த்துத் தோராயமாகத் தீர்ப்பது.

இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள் போல. நீங்களாக விரும்பி எடுத்த தாளாகவும் இருக்காது. மதுரையில் ஒரு தனியார் கல்லூரியில் இதை நடத்தியவன் நான். இந்தக் கேள்வியை எங்கே பார்த்தாலும் பதில் சொல்லாமல் நகர முடிவதில்லை.

என் அக்கா மகன் பொறியியல் படிக்கிறான். பொங்கல் லீவுக்கு மேலூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தவன், பைத்தானில் ஓர் ஊஞ்சலை எழுதிக் காட்டினான். வாசல் புளியமரத்தில் நிஜமாகவே ஓர் ஊஞ்சல் தொங்குகிறது, கயிறு ஐந்து மீட்டர் இருக்கும். அதே அளவைத்தான் போட்டிருந்தான். உராய்வு கிடையாது, ஆரம்பக் கோணம் 30 டிகிரி. நொடியை நூறு துண்டாக்கி, ஆய்லர் முறையில், அதாவது துண்டின் தொடக்கத்தில் இருக்கும் வேகத்தை வைத்தே அடுத்த இடத்தைக் கணித்து, ஒவ்வொரு துண்டாகக் கணக்கிட்டு நகர்த்தியிருந்தான். “கோணம் சின்னது என்று சைன் தீட்டாவைத் தீட்டா என்று வைத்துக்கொள்வதெல்லாம் உங்கள் காலம் மாமா. இதில் அப்படியே சைன் போட்டிருக்கேன்” என்றான்.

கொஞ்ச நேரம் ஓடவிடு என்றேன். பத்து ஆட்டம் முடிவதற்குள் ஊஞ்சல் 45 டிகிரி பக்கம் ஏறிவிட்டது. யாரும் தள்ளவில்லை, காற்றும் இல்லை. நிரலில் எங்கோ எழுத்துப்பிழை என்று வரி வரியாகத் தேடினான். பிழை எதுவும் இல்லை.

ஒரு தாளை எடுத்து அவன் முறையையே விரித்துக் காட்டினேன். சிறிய ஆட்டத்துக்கு, ஒவ்வொரு துண்டிலும் வீச்சு √(1+ω²h²) மடங்கு பெருகுகிறது. ω என்பது ஊஞ்சலின் கோண அதிர்வெண், h என்பது கால அடி, அதாவது ஒரு துண்டின் நீளம். அது சின்னது என்பதால் ஒரு முழு ஆட்டத்துக்கு அந்தப் பெருக்கம் சுமாராக e^(πωh). அவன் எண்களில் ω 1.4, h 0.01. ஆக ஆட்டத்துக்கு நாலரை சதவீதம், பத்து ஆட்டத்தில் ஒன்றரை மடங்கு. திரையில் பார்த்ததும் அதேதான். ஊஞ்சலை மேலே ஏற்றியது இயற்பியல் இல்லை, அந்த h. முதலில் வேகத்தைப் புதுப்பித்து, அந்தப் புது வேகத்தை வைத்துக் கோணத்தை நகர்த்து என்றேன். ஒரே ஒரு வரியைத்தான் மாற்றினான். ஊஞ்சல் 30 டிகிரியிலேயே நின்று ஆடியது.

உடனே “அப்படியானால் கணினி தப்பு என்கிறாயா?” என்று சிலர் வருவார்கள். இல்லை. நானும் தினமும் கணினியில்தான் கணக்குப் போடுகிறேன். ஆய்லரைவிடத் துல்லியமான ரன்கே–குட்டா முறையில் இவ்வளவு பிழை வராது என்பதும் தெரியும். ஆனால் அதுவும் தோராயம்தானே? அதன் பிழை எவ்வளவு என்று எழுதிப் பார்க்க இதே விரித்தெழுதும் வேலைதான் வேண்டும்.

கைக்கணக்கிலும் இதே பொய் வளர்ச்சி வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சைனுக்குப் பதிலாக θ−θ³/6 போட்டு, தொடராக நேரடியாக விரித்தால், இரண்டாம் உறுப்பிலேயே t சைன் ωt என்று ஒன்று வந்து நிற்கும். அது காலத்தோடு வளர்ந்துகொண்டே போகும். கோள்களின் பாதையைக் கணக்கிட்டவர்களை வாட்டிய உறுப்பு இதுதான். 1880களில் ஸ்வீடன் வானியலாளர் லிண்ட்ஸ்டெட் அதிர்வெண்ணையும் சேர்த்து விரித்து அதை நீக்கினார், பிறகு பிரெஞ்சுக் கணிதவியலாளர் பாயின்கரே அந்த முறையை ஆழமாக ஆராய்ந்தார். நம் ஊஞ்சலுக்கு அப்படிச் செய்தால் அலைவு காலம் 1+a²/16 மடங்கு என்று வரும், a என்பது வீச்சு, ரேடியனில். 60 டிகிரிக்குப் போட்டுப் பாருங்கள். சிறுகோணச் சூத்திரம் 4.49 நொடி. முதல் திருத்தத்தோடு 4.80. அடுத்த உறுப்பான 11a⁴/3072-ஐயும் சேர்த்தால் 4.81. துல்லியமான விடை 4.82. இந்த இரண்டு உறுப்பு, வீச்சு கூடக் கூட ஊஞ்சல் எப்படி மெதுவாகும் என்பதைச் சொல்லிவிடுகிறது. கணினியில் அதே விஷயத்தைப் பார்க்க ஒவ்வொரு கோணத்துக்கும் தனித்தனியாக ஓட்ட வேண்டும். யுரேனஸின் தடுமாற்றத்தை வைத்துப் பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே குறித்த இடத்திலிருந்து ஒரு டிகிரிக்குள் 1846இல் நெப்டியூன் கிடைத்தது இந்த மாதிரிக் கைக்கணக்கில்தான்.

நான் வேலை பார்த்த கல்லூரியில் இப்போது இந்தத் தாளே இல்லை. நடத்த ஆள் இல்லையாம். என்னோடு இருந்த ஒருவர் இதை அவ்வளவு அழகாக நடத்துவார். தொகுப்பூதியம், மே மாதம் சம்பளம் கிடையாது, விடைத்தாள் திருத்திய பணம் கேட்டால் அடுத்த வாரம் வா என்பார்கள். அவர் இப்போது போட்டித் தேர்வு மையத்தில் லாபம்–நட்டம், ரயில் கணக்கு நடத்துகிறார். அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை, வீட்டு வாடகை கட்ட வேண்டுமே. ஆள் இல்லை என்று சொல்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

சரி, உங்களுக்கு வருகிறேன். தேர்வுக்காக மனப்பாடம் செய்யாதீர்கள். டஃபிங் சமன்பாட்டை (θ−θ³/6 போட்ட நம் ஊஞ்சல் மாதிரி, மும்மடி உறுப்பு உள்ள அலைவுச் சமன்பாடு) எடுத்து முதலில் நேரடியாக விரியுங்கள், வளரும் உறுப்பு எங்கே நுழைகிறது என்று பாருங்கள். அப்புறம் லிண்ட்ஸ்டெட் முறையில் நீக்குங்கள். கடைசியாக அதையே நிரலாக எழுதி, h-ஐப் பாதியாக்கினால் விடை எவ்வளவு நகர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு விடையும் எந்த வீச்சுக்கு மேல் பிரிகின்றன என்று தெரிந்த பிறகு, வேகமான மாற்றத்தையும் மெதுவான மாற்றத்தையும் தனித்தனிக் கால அளவில் பார்க்கும் பல கால அளவு முறைக்குப் போகலாம்.