பழைய ஜப்பானிய அனிமேக்களின் தொலைந்துபோன பைலட் எபிசோடுகளை எங்கே தேடுவது?

யூடியூப், டொரண்ட் எல்லாம் அலசியாகிவிட்டது, ஒன்றும் சிக்கவில்லை என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள். சிக்காது. பைலட் என்பது தொடருக்கு முன்னால் எடுக்கும் மாதிரிப் படம், நமக்காக எடுத்ததே இல்லையே. தொலைக்காட்சி நிலையத்து ஆட்கள், விளம்பர ஏஜென்சிக்காரர்கள், ஸ்பான்சர் கம்பெனி அதிகாரிகள் இவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, "இந்தத் தொடருக்குப் பணம் போடுங்கள்" என்று கேட்பதற்காக எடுத்தது. ஒளிபரப்பே ஆகாத ஒன்றை எந்த ரசிகர் வீட்டு விசிஆரில் பதிவு செய்திருப்பார்? தொலைந்துபோன சாதாரண எபிசோடு என்றால் யாராவது ஒருவருடைய பழைய கேசட்டிலிருந்து வர வாய்ப்பு உண்டு. பைலட்டுக்கு அந்த வாசல் கிடையாது.

அதனால் நான் முதலில் படத்தைத் தேடுவதில்லை, காகிதத்தைத் தேடுவேன். அந்தப் பைலட்டை யார் எடுத்தார்கள், யாருக்குப் போட்டுக் காட்டினார்கள், அந்தக் கம்பெனி பிறகு என்ன ஆனது, அதன் உரிமை இன்று யார் கையில்? இது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

"எபிசோடு" என்று நினைத்துத் தேடுவதும் ஆளைத் திசை திருப்பும். பல பைலட்கள் சில நிமிடத் துண்டுகள்தான். 'ஹைடி' என்ற அனிமே தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபூஜி டிவியில் அந்தத் தொடர் தொடங்கியது 1974 ஜனவரியில். ஆனால் அதன் தயாரிப்பாளர் ஷிகெத்தோ தகாஹாஷி, 1967லேயே டிசிஜே ஸ்டுடியோவில் அதற்கு ஒரு குட்டிப் பைலட் எடுத்துவிட்டார். பாத்திரங்களை வரைந்தவர் தோயெய் ஸ்டுடியோவின் புகழ்பெற்ற அனிமேட்டர் யசுஜி மோரி. நாம் அறிந்த ஹைடியின் முகம் அதில் இல்லை. வேறு ஸ்டுடியோ, வேறு ஓவியர், ஏழு வருட இடைவெளி. 1974, தொடரை உருவாக்கிய தகஹாதா, மியசாகி என்று தேடிக்கொண்டிருந்தால் அந்தப் படம் கண்ணிலேயே படாது.

டொரோரோ இன்னும் வேடிக்கை. 1969 ஏப்ரலில் ஒளிபரப்பான தொடர் கறுப்பு வெள்ளை. அதற்கு முந்தைய வருடம் மங்கா ஓவியர் ஒசாமு தெசுகாவின் முஷி புரொடக்‌ஷன் ஸ்டுடியோ எடுத்த பைலட்டோ வண்ணத்தில் இருக்கிறது! வழக்கமாக வரிசை தலைகீழாகத்தானே இருக்கும். முஷி 1973ல் திவாலானது. இருந்தும் இந்தப் பைலட் பிழைத்து, பிற்பாடு டிவிடியில் கூடுதல் இணைப்பாக வந்துவிட்டது.

'மூன்றாம் லூபின்' தொடரின் பைலட்டில் சிக்கல் வேறு மாதிரி. 1969ல் டோக்கியோ மூவி நிறுவனத்தில் மசாகி ஓசுமி இயக்கியது. முதலில் தியேட்டர் படமாக்கும் எண்ணத்தில் அகலத்திரையில் எடுத்தார்கள். அது நடக்கவில்லை என்றதும் தொலைக்காட்சிக்கு விற்பதற்காக இன்னொரு வடிவம் செய்தார்கள். ஒன்றில் லூபினுக்குக் குரல் நாச்சி நொசாவா, மற்றதில் தாயிச்சிரோ ஹிரோகாவா. 1971ல் தொடர் வந்தபோது இருவருமே இல்லை, யசுவோ யமதா பேசினார். ஆகவே "லூபின் பைலட் கிடைத்துவிட்டது" என்று யாராவது கூவினால், எது என்று கேளுங்கள். சிலர் ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றது தொலைந்துபோனது என்று வதந்தி கிளப்பிவிடுகிறார்கள்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், தொலைந்ததாகப் பேசப்படும் பைலட்களில் கணிசமானவை தொலையவே இல்லை. ஏதோ ஒரு லேசர் டிஸ்க் பெட்டியின் கடைசித் தட்டில், விலை அதிகமான டிவிடி தொகுப்பின் இணைப்பில், ஜப்பானில் மட்டும் விற்று, அச்சிலிருந்து போய்க் கிடக்கின்றன. ஆங்கிலத்தில் யாரும் எழுதவில்லை என்பதற்காக அது உலகத்திலேயே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். விண்வெளிப் போர்க்கப்பல் யமாத்தோவின் பைலட்டும் இப்படி இணைப்பாக வெளிவந்ததுதான். பழைய தட்டுகளின் பின்னட்டை விவரங்களை மந்தராக்கே போன்ற பழம்பொருள் கடைகளின் தளங்களிலும் ஜப்பானிய யாஹூ ஏலத்திலும் படிக்கலாம். மொழிபெயர்ப்புச் செயலி போதும். "பைரொட்டோ ஃபிருமு" (பைலட் ஃபிலிம் என்பதன் ஜப்பானிய உச்சரிப்பு) என்பதை ஜப்பானிய எழுத்தில் ஒட்டித் தேடினால் வருவது ஆங்கிலத்தில் தேடினால் வருவதைவிடப் பல மடங்கு.

உண்மையாகவே தொலைந்தவையும் உண்டு. பெரும்பாலும் ஸ்டுடியோ மூடப்பட்டதுதான் காரணம். 1973ன் டோரேமான் தொடரைப் பாருங்கள். நமக்கெல்லாம் தெரிந்த 1979 டோரேமானுக்கு முன்னால், நிப்போன் டிவியில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓடிய தொடர். தயாரித்த ஸ்டுடியோ அந்தத் தொடரோடேயே கலைந்துபோனது. பொருட்கள் சிதறின. அதன் தயாரிப்புப் பணியில் இருந்த ஜுன் மசாமி பத்திரப்படுத்திய பொருட்களாலும், ஃபிலிம் லேபில் தங்கிப்போன சுருள்களாலும்தான் அதைப் பற்றி இவ்வளவாவது தெரிகிறது. இன்றுவரை டிவிடியாக வந்ததில்லை. நாடு முழுக்க ஒளிபரப்பான தொடருக்கே இந்த கதி.

சரி, நூலகம் ஒன்றில் ஒரு பிரதியாவது இருக்காதா? இங்கேதான் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் பெரிய வித்தியாசம். 1990களில் சைலர் மூன் என்ற ஜப்பானிய அனிமேயை அமெரிக்காவிலேயே புதிதாக எடுக்க ஒரு முயற்சி நடந்தது, பாதி நடிகர்கள், பாதி கார்ட்டூன் என்று. 1998ல் ஓர் அமெரிக்க அனிமே விழாவில் அதன் இரண்டு நிமிடத் துண்டைப் போட, கூட்டம் சிரித்தது. அதன்பிறகு அந்தத் துண்டு மட்டும்தான் உலவிக்கொண்டிருந்தது. முழுப் பைலட் 2022ல் கிடைத்தது. எங்கே? அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில். காப்புரிமைப் பதிவுக்காகப் பிரதி கொடுக்கும் வழக்கம் அங்கே இருக்கிறது.

ஜப்பானில் காப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. தேசிய நாடாளுமன்ற நூலகத்துக்கு நூல்களைக் கொடுத்தாக வேண்டும் என்ற சட்டம் 1948லிருந்து இருந்தாலும், திரைப்படச் சுருளுக்கு அதில் "தற்காலிக" விலக்கு. அந்தத் தற்காலிகம் இன்னும் முடியவில்லை! அரசாங்கப் பிரதி என்று ஒன்று இல்லாததால், சுருள் கம்பெனியின் அலமாரியில் இருக்க வேண்டும், அல்லது அங்கே வேலை பார்த்த யாராவது வீட்டுக்கு எடுத்துப் போயிருக்க வேண்டும்.

அதே நூலகம் காகித விஷயத்தில் தங்கச் சுரங்கம். 2022 டிசம்பரிலிருந்து அதன் மின்னூல் தொகுப்பில் லட்சக்கணக்கான நூல்களின், இதழ்களின் உள்ளே சொல் சொல்லாகத் தேடலாம். எல்லாப் பக்கத்தையும் இந்தியாவிலிருந்து திறக்க முடியாது. ஆனால் எந்த இதழ், எந்த மாதம், எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். பிறகு பழைய பிரதியை வாங்குவதோ, டோக்கியோவில் நண்பர் இருந்தால் கெஞ்சுவதோ உங்கள் பாடு. 1970களின் பிற்பகுதிக்குப் பிறகு அனிமேஜ் போன்ற இதழ்கள் வந்துவிட்டதால் தடயம் நிறைய. 1960களுக்கு விளம்பரத்துறை இதழ்களையும் அனிமேட்டர்களின் நினைவுக் குறிப்புகளையும்தான் நம்ப வேண்டும்.

காகிதத்தில் ஒரு வரிகூட இல்லாத பைலட்டைத் துரத்தாதீர்கள். "சாகி சனோபாஷி" என்ற அனிமேயை இணையத்தில் ஒரு பெரும் கூட்டமே வருடக்கணக்கில் தேடியது. ஒரு அநாமதேயப் பதிவு தவிர வேறு ஆதாரமே கிடையாது. கட்டுக்கதை என்று பிறகு தெரிந்தது. "சின்ன வயதில் பார்த்தேன்" என்று யாராவது பைலட்டைப் பற்றிச் சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். ஒளிபரப்பாகாததை எப்படிப் பார்த்தீர்கள், சார்?

ஒருவேளை ஏலத்தில் 16 மில்லிமீட்டர் சுருளே உங்கள் கைக்கு வந்துவிட்டால், ஆர்வக்கோளாறில் புரொஜெக்டரில் மாட்ட வேண்டாம். டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் ஃபிலிமின் அடித்தளமே சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். சுருங்கிய ஃபிலிம் பல்சக்கரத்தில் கிழிந்துவிடும். படம் செக்கச்செவேலென்று தெரிந்தால் பயப்பட வேண்டாம், சாயம் வெளிறியிருக்கிறது, ஸ்கேன் செய்யும்போது ஓரளவு சரிசெய்யலாம். குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். டப்பா மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் புகைப்படம் எடுத்து, டோக்கியோவில் இருக்கும் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்துக்கும் உரிமை வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் எழுதுங்கள். யூடியூபில் ஏற்றுவதைப் பற்றி அதற்கப்புறம் யோசிக்கலாம்.